பெல்மோர் ஹோட்டலின் தந்தப் போளை

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பெல்மோர் ஹோட்டலின் நிலவறையில், கோபால் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு நூறு வருடப் பழமையான, கோலிக்குண்டு அளவுத் தந்தப் போளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"மேடம், இது பாச்சை உருண்டை."

கோபால் தமிழ்நாட்டுக்காரர். பழம்பொருள்களை மதிப்பிட்டு மியூசியத்துக்கு வாங்கிக் கொடுப்பவர். மேடம் என்று அவர் சொன்னது ஸ்டெபனியை. ஹோட்டலின் கடைசி முதலாளி அருள்நாயகத்தின் ஒரே மகள், இப்போது நிர்வாகம் முழுதும் அவள் கையில். பக்கத்தில் நின்ற மங்கையற்கரசிதான் முதலில் மூக்கை நீட்டினாள்.

"எங்கடை ஊரிலை பூச்சி உருண்டை எண்டுறது," என்றாள்.

மங்கையற்கரசி காப்புறுதிக் கம்பனியின் விசாரணைக்காரி. பொருள் கைமாறும்போது பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடத்தான் மல்வேர்னில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். போட வேண்டிய கையெழுத்து இப்போது வேறு கடதாசிக்குப் போய்விட்டது.

ரொறன்ரோ நகரின் நடுவில் இருக்கும் பெல்மோர் இந்த மாதிரி விஷயங்களுக்கு அதிர்ச்சியடைகிற கட்டடம் அல்ல. அதைக் கட்டிய ஸ்கொட்லாந்துக்காரர் மதுவிலக்குக் காலத்தில் நிலவறையில் சூதாட்ட மேசை போட்டார். பொலிஸ் வந்தால் மேசையைப் புரட்டுவார்கள். மறுபக்கம் பைபிள் வகுப்பு. ஒரு தடவை பொலிஸார் பிரசங்கம் முழுவதையும் கேட்டுவிட்டுக் காணிக்கையும் போட்டுப் போனார்களாம். பிறகு அவர் ஹோட்டலைத் தன்னுடைய முடிவெட்டுகிறவரிடமே சூதில் தோற்றார். தோற்ற மறுநாளும் அதே ஆளிடம் முகச்சவரம் செய்யப் போனார் என்பதுதான் அவருடைய தைரியத்துக்குச் சான்று. முடிவெட்டுகிறவர் அதை ஒரு ஹங்கேரி விதவைக்கு விற்றார். அந்த அம்மா, வாடகை தராத ஆவியொன்றை மூன்றாம் மாடியில் இருந்து சாமானோடு வெளியேற்றியவர். ஆவி எதிர் ஹோட்டலில் அறை எடுத்ததாகக் கேள்வி.

தொண்ணூறுகளில் காலம் திருந்தியது. நல்ல காரியத்துக்காகச் சூதாடலாம் என்று அனுமதி கிடைத்தது. தேவாலயக் கூரை, குருடர் பள்ளி, காலொடிந்த நாய்கள் என்று ஏதாவது ஒரு பெயர் போதும். கிளாஸ் கழுவ வந்த அருள்நாயகம் அப்போது நிலவறையைப் பொறுப்பெடுத்தார். போளை எந்த எண்ணில் விழுகிறதோ அந்த எண்ணில் பணம் கட்டியவன் வெல்லும் றூலெற் சக்கரத்தைத் தானே சுழற்றினார். பார்க்டேலில் ஓர் அறைக்குள் ஆறு பேராகப் படுத்த தமிழ்ப் பெடியள் குளிருக்கு ஒதுங்க அங்கே போனார்கள். உள்ளே சூடு இருந்தது, இலவச சான்விச் இருந்தது, சக்கரமும் இருந்தது. அவர்கள் தோற்றதில் தேவாலயத்துக்குக் கூரை வந்தது, அருள்நாயகத்துக்கு ஹோட்டல் வந்தது. தேவாலய மண்டபத்துக்கு இப்போதும் அவர் பெயர்தான்.

இனி பெல்மோரை இடித்துவிட்டு, கொண்டோ என்கிற அடுக்குமாடி வீடுகள் கட்டப் போகிறார்கள். சக்கரமும் போளையும் மியூசியத்துக்கு. போளை இல்லாத சக்கரம் பாதி விலைக்கும் போகாது என்றார் கோபால்.

"எங்கடை டோர்மன் மாக்கஸ்தான்," என்றாள் ஸ்டெபனி. "நைற் டியூட்டி அவர். ரூம் கீ அவரிட்டை. பெட்டிக் கீ பிரண்ட் டெஸ்கிலை தொங்கினது. மூண்டு மணிக்குப் பொலிஸ் வருது."

"வந்தா?"

"என்ன வந்தா? தேர்ட்டி இயேர்ஸ் வேலை செய்தவருக்கு ஹோட்டல் மூடேக்கை பெரிய பேமென்ற் ஒண்டு இருக்கு. கள்ளனுக்கு ஏன் குடுக்க?"

அதுதான் மாக்கஸின் நிலைமை. மூன்று மணிக்குள் போளைக்கு ஒரு பதில் கிடைக்காவிட்டால் முப்பது வருடம் கதவு திறந்துவிட்டதற்கு அவருக்குக் கிடைக்கப்போவது கைவிலங்கு.

மாக்கஸ் ஜமேய்க்காக்காரர். ஆறடிக்கு மேல். லொபியில், தான் முப்பது வருடம் ஒருநாளும் உட்காராத சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, நான் எடுக்கேல்லை," என்றார்.

"தமிழ் எங்கை படிச்சனீங்கள்?"

"குசினியிலை, சமைக்கிற பெடியளிட்டை. முதல் படிச்சது எல்லாம் தூசணம், கெட்ட வார்த்தை. மற்றது பிறகுதான்."

"அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கிறது ஆர்?"

"நான்தான். எவ்வளவு துடைச்சாலும் வெளிக்குதில்லை. கிறிஸ்மஸிலையிருந்து பனிப்புகார் மாதிரி. ஸ்டெபனிக்குச் சொன்னனான். 'ஓல்ட் கிளாஸ், மாக்கஸ்' எண்டா."

"போளையைக் கடைசியா எப்ப கையாலை தொட்டனீங்கள்?"

"நான் ஒருநாளும் தொடேல்லை. அந்தச் சக்கரம் ஆரையும் வெல்ல விட்டதை நான் காணேல்லை. அப்பிடியான சாமானைத் தொடக்கூடாது."

மங்கையற்கரசி திரும்ப நிலவறைக்குப் போனாள். பெட்டியின் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டினாள். நகத்தில் உப்புப் போல மினுங்கலாக ஏதோ ஒட்டியது. முகர்ந்து பார்த்துவிட்டுக் கைலேஞ்சியில் துடைத்தாள். பூச்சி உருண்டையை எடுத்து, போளையின் அளவுக்கென்று செய்த வெல்வெற் குழியில் வைத்தாள். அது உருண்டு, குழிக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குழி பெரிது.

"இந்தப் பெட்டி கடைசியா எப்ப திறந்தது?"

"ஒக்டோபர்," என்றாள் ஸ்டெபனி. "ஹோட்டலின்ரை ஹண்ட்ரட் இயேர் பார்ட்டிக்கு. போட்டோவுக்காகத் திறந்து, எல்லாரும் போளையைக் கையிலை வைச்சுப் பாத்தவை. பிறகு நானே பூட்டினனான். இண்டைக்குக் காலமைதான் திரும்பத் திறந்தது."

அந்தப் படம் லொபிச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. சக்கரத்துக்குப் பின்னால் அருள்நாயகம் சக்கர நாற்காலியில், பக்கத்தில் பாதிரியார், சிவப்புக் கவுணில் ஸ்டெபனி, பட்டுச் சேலைகள், கோட்டுச் சூட்டுகள். நுனியில் அருள்நாயகத்தின் மனைவி எமில்டா, கழுத்து வரை பொத்தான் பூட்டிய கறுப்புக் குளிர்கோட்டோடு. பக்கத்தில் நின்ற ஆளுக்கு நெற்றியில் வியர்வை. மங்கையற்கரசி படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

பன்னிரண்டு மணிபோல எமில்டாவே வந்தாள், நாற்காலியில் கணவனைத் தள்ளிக்கொண்டு. சாமான்களை வழியனுப்ப வரச்சொல்லி ஸ்டெபனி முதலே ஏற்பாடு செய்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் வந்த பாரிசவாதத்தில் அருள்நாயகத்துக்குப் பேச்சும் இடது பக்கமும் போய்விட்டன.

"பிள்ளை எவடம்?" என்றாள் எமில்டா.

"மல்வேர்ன், அன்ரி."

"ஊரிலை?"

"கரவெட்டி."

"நாங்கள் மன்னார். கோப்பி குடிச்சனியே? இவள் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கமாட்டாள், பிஸி. நானும் இந்த வருஷம் சுகமில்லை பிள்ளை. நவம்பரிலை தம்பி றிச்சர்ட்டைப் புதைச்சம். பார்க்டேலிலை ஒரு அறை, தனியன். முப்பது வருஷம் அந்த ஒரு அறை."

"அம்மா, அவ கள்ளனைப் பிடிக்க வந்தவ," என்றாள் ஸ்டெபனி. "உங்கடை சொந்தக்காரி இல்லை."

"கள்ளனைப் பிடிக்கிறவை கோப்பி குடிக்கக்கூடாதோ?"

கோபால் அந்த இடைவெளியில் சக்கரத்தின் அச்சைச் சோதிக்க ஒரு சுழற்றுச் சுழற்றினார். நூறு வருடத்துச் சக்கரம் பட்டுப்போல ஓடியது. எல்லாரும் சக்கரத்தைப் பார்த்தார்கள். மங்கையற்கரசி மட்டும் அருள்நாயகத்தைப் பார்த்தாள். அவருடைய முகத்தில் அசைவில்லை. ஆனால் சக்கரம் வேகம் குறைந்த நேரத்தில் அவருடைய வலது கால் நாற்காலியின் கால்தாங்கியை மெதுவாக ஒரு அழுத்து அழுத்தி, விட்டது.

எமில்டாவும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டரை மணிக்கு மங்கையற்கரசி மாக்கஸையும் நிலவறைக்குக் கூப்பிட்டாள்.

"பூச்சி உருண்டை அப்பிடியே கிடக்காது," என்றாள். "நாளாந்தம் தேஞ்சு காத்தாப் போகும். பூட்டின பெட்டிக்குள்ளை எண்டா, போற காத்து கண்ணாடியிலை வெள்ளையாப் படியும். மாக்கஸ் கிறிஸ்மஸிலையிருந்து துடைச்சது அதைத்தான். வெளிப்பக்கத்தைத் துடைச்சா உள்பக்கம் போகுமோ? நேற்று இரவு வைச்ச உருண்டை குழிக்குள்ளை ஆடுற அளவுக்குச் சிறுக்காது, கண்ணாடியிலும் பூக்காது. இது ஒக்டோபரிலை வைச்சது."

"அப்ப பார்ட்டியிலையா?" என்றாள் ஸ்டெபனி. "பார்ட்டிக்கு ஆர் பூச்சி உருண்டையோடை வருவினம்?"

"ஒருத்தரும் வரமாட்டினம். குளிர்கோட்டு வரும். கோடை முழுக்கச் சூட்கேசுக்குள்ளை கிடந்த கோட்டு. எங்கடை ஆக்கள் கோட்டை மடிக்கேக்கை ஒவ்வொரு பொக்கற்றுக்குள்ளையும் ஒண்டு போடுவினம். முதல் குளிருக்கு எடுத்து உதறிப்போட்டுப் போடேக்கை ஒண்டு ரண்டு மறந்துபோகும்." அவள் திரும்பினாள். "அன்ரி, எல்லாரும் வேர்க்கிற அறைக்குள்ளை படத்திலை நீங்கள் மட்டும் கோட்டைக் கழட்டேல்லை. உள்பொக்கற்றுக்குள்ளை ஒருக்கா கையை விட்டுப் பாருங்கோ."

எமில்டா அன்றைக்கும் அதே கோட்டோடுதான் நின்றாள். உள்பொக்கற்றுக்குள் கையை விட்டாள். எடுத்து விரித்தபோது உள்ளங்கையில் பயறளவுக்கு ஒரு வெள்ளை மணி இருந்தது. அதை அவளே ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அம்மா, யூ?" என்றாள் ஸ்டெபனி. "ஏன்?"

"படத்துக்கு நிக்கேக்கை என்ரை கையிலை தந்தினம்," என்றாள் எமில்டா. "மற்றக் கையிலை ஹாண்ட்பாக். அதின்ரை வாய்க்குக் காந்தப் பூட்டு. போளை ஓடிப்போய் அதிலை ஒட்டிச்சுது, பிள்ளை. யானைத் தந்தம் எப்பிடி ஒட்டும்?"

கோபால் வாயைத் திறந்தார். "உள்ளே இரும்பு," என்றார். "அப்ப மேசைக்கு அடியில..."

"காந்தம் இருந்திருக்கும். காலுக்குக் கீழை சுவிச். அமத்தினா போளை அவர் நினைச்ச இடத்திலை விழும்," என்றாள் மங்கையற்கரசி. "மேசை போய்க் கன காலம். கால் மட்டும் இன்னும் மறக்கேல்லை."

எல்லாரும் அருள்நாயகத்தின் காலைப் பார்த்தார்கள். நன்றாகப் பொலிஷ் பண்ணின சப்பாத்து.

"றிச்சர்ட் பெண்சாதியையும் பிள்ளையையும் ஊரிலையிருந்து கூப்பிடச் சேர்த்ததெல்லாம் இந்தச் சக்கரத்திலைதான் விட்டவன்," என்றாள் எமில்டா. "அவள் வரேல்லை. அங்கையே இருந்து அங்கையே கண்ணை மூடினாள். இவன் தோத்தது தன்ரை ராசி எண்டு நினைச்சான். முப்பது வருஷமா ஞாயிற்றுக்கிழமைகளிலை எங்கடை வீட்டை வந்து சாப்பிடுவான். 'அத்தான் மாதிரி ஒரு மனிசன் இல்லை அக்கா' எண்டு சொல்லிச் சொல்லிச் சாப்பிடுவான்."

"தம்பிக்குச் சொன்னனீங்களோ, அன்ரி?"

"சொல்ல எண்டு பார்க்டேலுக்குப் போனன். கட்டிலிலை கிடந்தான். அத்தான் சுகமோ எண்டு கேட்டான். சொல்லேல்லை."

"போளை எங்கை, அம்மா?"

"பெட்டிக்குள்ளை."

"எந்தப் பெட்டி?"

"அவன்ரை பெட்டி. செபமாலையைக் கையிலை சுத்திவிட்டவை. அதுக்குள்ளை வைச்சுப் பொத்திவிட்டன். அவன்ரைதானே."

பிறகு மங்கையற்கரசி கேட்டாள்:

"மாக்கஸைப் பொலிஸ் கொண்டுபோக விட்டிருப்பீங்களோ, அன்ரி?"

எமில்டா மாக்கஸைப் பார்த்தாள். மாக்கஸ் அவளைப் பார்த்தார்.

"இன்னும் மூண்டு மணியாகேல்லையே," என்றாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று மங்கையற்கரசி கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தாள்.

ஸ்டெபனி போனை எடுத்துப் பொலிஸை வரவேண்டாம் என்றாள். வீட்டுக்குள்ளே நடந்த சின்ன மாறாட்டம் என்று சொன்னாள். பிறகு மாக்கஸிடம், "சொறி மாக்கஸ், இண்டைக்கு டே சரியில்லை. உங்கடை பேமென்ற் வரும்," என்றாள். மாக்கஸ் குசினியில் முதல் வாரத்திலேயே படித்த ஒரு சொல்லைச் சொன்னார். உச்சரிப்பு வல்வெட்டித்துறைக்காரனுக்குக் கூட வராத அளவு சுத்தமாக இருந்தது. தொப்பியைக் கழற்றிச் சக்கரத்தின்மேல் வைத்துவிட்டுப் படியேறிப் போனார். அந்த ஒரு நாள் மட்டும் பெல்மோரின் கதவை அவரே தனக்குத் திறந்துகொண்டார்.

மங்கையற்கரசி தன் கடதாசியில் களவு இல்லை, உரிமையாளரின் குடும்பத்தவர் எடுத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கம்பனிக்கு ஒரு சதமும் செலவில்லை. அதனால் அங்கே ஒருவரும் அதை இரண்டாம் முறை வாசிக்கப் போவதில்லை. இரும்பைப் பற்றி எழுதக் கையில் ஆதாரம் இல்லை. ஆதாரம் ஆறடி மண்ணுக்குக் கீழே, செபமாலை சுற்றிய கைக்குள்.

"மியூசியத்துக்கு பிளாஸ்டிக்ல ஒண்ணு செஞ்சு வெச்சுக்கலாம்," என்றார் கோபால் தொப்பியை எடுத்து ஒதுக்கி வைத்தபடி. "பார்க்க வர்றவங்களுக்குத் தெரியாது. விவரப் பலகை ஏற்கெனவே அடிச்சாச்சு, மேடம். 'சமூகத்தின் கூரையை எழுப்பிய சக்கரம்'னு போட்டிருக்கு. மாத்தணுமா?"

ஸ்டெபனி மாற்ற வேண்டாம் என்றாள்.

கோபால் பொதி கட்டுமுன் கடைசியாக ஒரு தடவை சக்கரத்தைச் சுழற்றினார். அது ஓடியது, தளர்ந்தது. அருள்நாயகத்தின் வலது கால் எழும்பியது. அது கீழே இறங்குமுன், எமில்டா பனிச்சப்பாத்துப் போட்ட தன் காலைத் தூக்கி அந்தக் காலின்மேல் வைத்து அமர்த்தினாள். சக்கரம் நிற்கும் வரை எடுக்கவில்லை.