மங்கலாகாத நாற்காலி

வண்டி சந்து முனையிலேயே நின்றுவிட்டது. உள்ளே திருப்ப இடமில்லை என்றார் ஓட்டுநர். மனைவி துணிப்பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். மருத்துவமனைச் சீட்டு ஒட்டிய மருந்துப் பொட்டலத்தோடு அவன் பின்னால் போனான்.

சந்தின் கடைசியில் மாடி வீடு. கீழே பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்கு. மேலே ஒரு கூடம், ஒரு படுக்கையறை, திரும்பினால் முழங்கை இடிக்கும் சமையலறை. கூடத்து ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் முதுகுதான் தெரியும். வெயில்கூட அந்தச் சுவரில் பட்டுத்தான் வீட்டுக்குள் வரும், கைமாறி வந்த பழைய சாமான் மாதிரி.

மனைவி வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தாள். அரிசி டப்பா, ஷூ பெட்டி, துணி துவைக்கும் இயந்திரத்தின் வயிறு என்று கண்ட இடத்தில் கிடந்த பாட்டில்களை எல்லாம் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"இன்னும் எங்கயாச்சும் இருக்கா? உண்மையைச் சொல்லுங்க."

"எனக்கு ஞாபகம் இருக்கிற வரைக்கும் இல்ல."

"உங்க ஞாபகம்! அதை நம்பி ஒரு தீப்பெட்டி வாங்க முடியாது." சிரிக்காமல்தான் சொன்னாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நம்ம பொண்ணைக் கூட்டிட்டு வர்றேன். அப்ப நீங்க இப்படியே இருந்தா, இங்கயே இருப்போம். ஒரு வாய் உள்ள போயிருந்தாலும் எங்க அக்கா வீட்டுலயே இருந்துக்கிறோம். அவ படிப்பும் அங்கயே."

"மிரட்டுறியா?"

"இல்லங்க. மிரட்டுறதுக்கெல்லாம் எனக்குத் தெம்பு இல்ல."

படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகு வீடு அவன் மேல் வந்து உட்கார்ந்தது.

அலுவலகத்தில் அவனுக்குத் துரு என்று பெயர். காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. மோதி நசுங்கிய வண்டிகளின் படங்கள் திரைக்கு வரும். எது இந்த மோதலில் பட்ட அடி, எது முன்பே இருந்த அடி என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நெளிந்த தகட்டின் விளிம்பில் துரு ஏறியிருந்தால் பழசு. கீறலுக்குள் உலோகம் பளபளத்தால் புதுசு. அவன் கண்ணுக்கு எந்தத் துருவும் தப்பாது. 'அண்ணன் நிலாவைக் காட்டினாலும் பழைய டேமேஜ்னு எழுதிடுவாரு' என்று கூட வேலை பார்த்த டிங்கர் ஒருநாள் குழுவில் எழுதிப் போட, அன்று ஒட்டியது அந்தப் பெயர்.

டிங்கர் முன்பு ஒர்க்‌ஷாப்பில் தகடு தட்டியவன். பிறகு துரு பார்த்த அதே காப்பீட்டு வேலையை வேறொரு ஊரில், வேறொரு தனியறையில் இருந்து பார்த்தான். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. ஆனால் காலையில் உட்கார்ந்ததும் வீடியோ அழைப்பைப் போட்டுவிடுவார்கள். மைக்கை அணைத்துவிட்டு, திரை மூலையில் அவன் முகம் இவனுக்கும் இவன் முகம் அவனுக்கும் தெரியும்படி நாள் முழுக்க அப்படியே விட்டுவிடுவார்கள். பேச்சு கிடையாது. பக்கத்தில் ஓர் ஆள் மூச்சுவிடுகிறான் என்ற நினைப்புக்காக மட்டும். அதற்கு 'ஜன்னல்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பொழுது சாயும்போது யாராவது ஒருவர் மைக்கைப் போடுவார். "ஷட்டர் போடலாமா?" ஒர்க்‌ஷாப் மூடும்போது சொல்லும் வார்த்தை. இரண்டு திரைகளிலும் இரண்டு டம்ளர்கள் உயரும்.

டிங்கர் பாதி டம்ளரிலேயே மேசையில் தலை சாய்த்துவிடுவது வழக்கம். துரு சிரித்துக்கொண்டே இணைப்பைத் துண்டிப்பான். தூங்கட்டும் என்று.

ஒரு மாலை அப்படித்தான் தலை சாய்ந்தது. அப்படித்தான் துண்டித்தான்.

மறுநாள் ஜன்னல் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கதவை உடைத்தபோது அதே மேசையில் அதே சாய்வில் இருந்தானாம். உடனே போயிருக்காது, விடியும் வரையிலாவது உயிர் இருந்திருக்கும் என்றார்களாம் மருத்துவர்கள். அன்று மாலை கடைசியாக அவனைப் பார்த்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. துருவும் சொல்லவில்லை. குடித்தான். மஞ்சள் பூத்த கண்களோடு மருத்துவமனை வார்டில் கண் விழிக்கும் வரை குடித்தான்.

இப்போது குடிக்கவில்லை. பகல் எப்படியோ ஓடிவிடும். எதிர்ச் சுவரில் வெளிச்சம் சாம்பலாக மாறும் நேரம்தான் பொல்லாதது. கை தானாக மேசையின் வலது ஓரத்துக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

திரும்பி வேலையில் சேர்ந்த சில நாளில் வீடியோவில் குழுக் கூட்டம் வைத்தார் மேலதிகாரி மேடம். எல்லோர் முகமும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

"சார், உங்க பின்னாடி யாராச்சும் இருக்காங்களா?"

"இல்ல மேடம். நான் மட்டும்தான்."

"பின்னணி எல்லாம் மங்கலாத்தான் இருக்கு. அந்த நாற்காலி மட்டும் பளிச்சுனு தெரியுது. ஆள் உக்காந்திருந்தாத்தானே சாஃப்ட்வேர் அப்படி மங்கலாக்காம விடும்?"

"பழைய லேப்டாப் மேடம். கோளாறு பண்ணுது."

"நாற்காலியையும் டீம்ல சேர்த்துக்கலாம் மேடம்," என்றான் புதிதாகச் சேர்ந்த ஒருவன். "அதுவாச்சும் நேரத்துக்கு வருது."

எல்லோரும் சிரித்தார்கள். துருவும் சிரித்தான். கூட்டம் முடிந்ததும் திரும்பிப் பார்த்தான். சுவரோரம் மனைவியின் பச்சை பிளாஸ்டிக் நாற்காலி. காலி.

அதைத் தூக்கிப் படுக்கையறையில் போட்டுவிட்டு வந்தான்.

அடுத்த கூட்டத்தில் அவன் யார் பேசியதையும் கேட்கவில்லை. தன் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்சுவர் முழுக்கப் பால் கொட்டியதுபோல மங்கிக் கிடந்தது. ஓரிடத்தில் மட்டும் சுண்ணாம்பு உரிந்த விரிசல் இழை இழையாகத் தெரிந்தது. அந்தத் தெளிவுக்கு ஓர் உருவம் இருந்தது. மேலே உருண்டை. கீழே இருபுறமும் சரிவு.

தலை.

தோள்.

கூட்டம் முடிந்ததும் நாற்காலியை எடுத்துவந்து பழைய இடத்திலேயே போட்டான். ஏன் என்று அவனுக்கே விளங்கவில்லை. நிற்க வைப்பது சரியில்லை என்று தோன்றியது.

அதற்குப் பிறகுதான் நடை கேட்க ஆரம்பித்தது. வெளிச்சம் சாம்பலாகும் நேரத்தில், முதுகுக்குப் பின்னால். ஓர் அடி விழும். பின்னாலேயே எதையோ தரையில் தேய்த்து இழுக்கும் சத்தம். மறுபடி ஓர் அடி. மறுபடி இழுப்பு. கதவிலிருந்து நாற்காலி வரை வரும். பிளாஸ்டிக் கால்கள் முனகும். பிறகு ஒன்றுமில்லை.

மருந்து செய்யும் வேலை என்று சொல்லிக்கொண்டான். குடியை விட்டவர்களுக்கு இல்லாதது எல்லாம் கேட்கும் என்று வார்டிலேயே எச்சரித்திருந்தார்கள். அதுவுமில்லாமல் டிங்கர் நன்றாக நடப்பவன்தானே? யோசித்தபோதுதான் உறைத்தது. டிங்கர் நடந்து அவன் பார்த்ததே இல்லை. நெஞ்சு வரைதான் அவனுக்கு அந்த நண்பனைத் தெரியும்.

மழை மூடிய ஒரு மாலை. மதியத்திலேயே இருட்டிவிட்டது. மின்விளக்கைப் போடத் துரு சமையலறைப் பக்கம் போய்த் திரும்பினான்.

மேசையின் வலது ஓரத்தில் ஈர வட்டம்.

டம்ளர் அடியின் அளவு. காலையில் அவன் துடைத்த மேசை. குனிந்து பார்த்தான், படங்களைப் பார்ப்பதுபோல. விளிம்பு காயவில்லை. நடுவில் ஒரு துளி இன்னும் உருண்டு நின்றது.

புதுசு.

துடைத்தான். சமையலறையில் துணியைப் பிழிந்துவிட்டுத் திரும்பியபோது அந்த இடத்தில் ஒரு பாட்டில் இருந்தது.

அவனுடையதுதான். பழைய பிரிண்டர் அட்டைப்பெட்டிக்குள் எப்போதோ ஒளித்து, அடியோடு மறந்துபோனது. மேலே தூசி படிந்திருந்தது. தூசியில் ஐந்து விரல்களின் தடம். பக்கத்தில் இரண்டு டம்ளர்கள்.

வாயில் எச்சில் ஊறியது. பயம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது. அதுதான் அவனுக்கு இன்னும் பெரிய பயமாக இருந்தது. ஒரே ஒரு வாய். யாருக்குத் தெரியப் போகிறது?

அடி. இழுப்பு.

அடி. இழுப்பு.

நாற்காலியோடு நிற்கவில்லை. அதைத் தாண்டி வந்தது. அவன் பிடரிக்குப் பின்னால் நின்றது. பெயின்ட் தின்னரும் ஈரத் துணியும் கலந்த வாசனை.

"ஷட்டர் போடலாமா?"

மைக்கில் வந்த குரல் இல்லை. காதோரம் மூச்சோடு வந்தது.

துருவின் கை பாட்டில் மூடியைத் தொட்டது. மற்றக் கை போனைத் தேடி எடுத்தது. டிங்கரின் சாவுக்குப் பிறகு அவனுடைய அக்கா ஒருமுறை அழைத்திருந்தாள், துரு எடுக்கவில்லை. அந்த எண்ணை அழுத்தினான்.

"அக்கா, நான்... டிங்கர்கூட வேலை பார்த்தவன்."

"யாரு, துரு தம்பியா? உன்னைப் பத்திப் பேசாத நாளே இல்லப்பா அவன்."

"அக்கா, அவனுக்குக் கால்ல ஏதாச்சும்..."

"இடது கால் இழுக்குமே. ஜாக்கி நழுவி வண்டி கால் மேலயே இறங்கிடுச்சு. அதனாலதானே நிக்கிற வேலையை விட்டு உக்கார்ற வேலைக்கு வந்தான். ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா."

பின்னால் மூச்சு நகரவில்லை. துரு கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். தலை சாய்ந்ததை. தான் சிரித்ததை. துண்டித்ததை.

மறுமுனையில் மழைச் சத்தம் கேட்டது. அங்கேயும் மழை.

"இதுக்கு நான் என்ன சொல்றதுன்னு தெரியல தம்பி. பரவாயில்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"வேண்டாம்க்கா. சொல்லாதீங்க."

"அவன் சின்னதுலேருந்தே தனியாத் தூங்க மாட்டான். பக்கத்துல யாராச்சும் முழிச்சு இருக்கணும். விளக்கை அணைச்சா எந்திரிச்சு வந்துருவான்."

போனை வைத்ததும் துரு பாட்டிலை எடுத்துப்போய்ச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தான். பாதி சட்டையில் கொட்டியது. பால் இல்லாத தேநீர் போட்டு இரண்டு டம்ளரிலும் ஊற்றினான். மடிக்கணினியில் ஓர் அழைப்பைத் திறந்தான். டிங்கரின் கணக்கை அலுவலகம் எப்போதோ நீக்கிவிட்டது. திரையில் அவன் கட்டம் மட்டும். பின்னால் பால் மாதிரிச் சுவர். அதில் தலையும் தோளும்.

"ஷட்டர் போடல," என்றான் திரும்பாமல். "தூங்கு. நான் முழிச்சிருக்கேன்."

நாற்காலி முனகி அடங்கியது.

அன்றிலிருந்து அவன் அந்த மடிக்கணினியை மூடவில்லை. நடை கேட்கவில்லை. மேசையில் ஈரம் இல்லை. மாலையில் கை வலது ஓரத்துக்குப் போனால் அங்கே தேநீர் இருந்தது. தனிமை குறைந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் இருந்தது.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டது. மனைவி வந்து நின்றாள். அவன் கண்ணின் வெள்ளையைப் பார்த்தாள். மூச்சை முகர்ந்தாள். பிறகு கீழே குரல் கொடுத்தாள். "மேல வாடி. பையை எடுத்துட்டு வா."

மகள் இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்தாள். சாப்பிட்டதும் பயணக் களைப்பில் படுக்கையறைக் கட்டிலில் கை காலைப் பரப்பிக்கொண்டு தூங்கிப்போனாள். துரு கடைக்குப் போய்ப் பால் வாங்கிவந்தான்.

திரும்பியபோது மனைவி கூடத்தைத் துடைத்து முடித்திருந்தாள். தரை முழுக்க ஈரப் பளபளப்பு.

"ஏங்க, கால்ல அடி பட்டுச்சா உங்களுக்கு? இப்பத்தான் துடைச்சேன், அதுக்குள்ள ஈரத்துல இழுத்துட்டு நடந்திருக்கீங்க."

"நான் இப்பத்தானே வர்றேன்?"

அவள் தரைத் துடைப்பானால் காட்டினாள். ஒரு பாதம். பக்கத்தில் நீளமாக ஒரு கோடு. மறுபடி ஒரு பாதம், ஒரு கோடு. அவன் குனிந்தான். ஓரம் காயவில்லை.

புதுசு.

நிமிர்ந்து மேசையைப் பார்த்தான். மடிக்கணினி மூடிக் கிடந்தது.

"நான்தான் மூடினேன்," என்றாள் மனைவி. "வெட்டியா ஓடிக்கிட்டு இருந்துச்சு."

அவன் ஓடிப்போய்த் திறந்தான். அழைப்பு வந்தது. அவன் முகம் வந்தது. பின்சுவர் வந்தது. ஒரு மூலை விடாமல் முழுக்க மங்கலாக, பாலாக. விரிசல் ஒன்றுகூடத் தெரியவில்லை.

தடம் பச்சை நாற்காலியிலிருந்து கிளம்பிப் படுக்கையறைக்குள் போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

உள்ளே மகள் இப்போது கட்டிலின் ஓரத்தில் சுவரோடு ஒட்டிக் கிடந்தாள், பக்கத்தில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டு. அந்த இடத்தில் மெத்தை அமுங்கியிருந்தது.

துருவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. கட்டிலருகே மண்டியிட்டான்.

"இங்க இல்ல டிங்கர்," என்றான், மகள் விழித்துவிடாத குரலில். "எந்திரி. நம்ம ஜன்னலுக்குப் போவோம். திறந்துட்டேன், பாரு. இனிமே யாரும் மூட மாட்டாங்க."

மெத்தை மெல்ல எழும்பியது. மகள் தூக்கத்திலேயே புரண்டு நடுவுக்கு வந்தாள்.

அவன் எழுந்து நடந்தான். பின்னால் ஓர் அடி, ஓர் இழுப்பு. திரும்பிப் பார்க்கவில்லை. நொண்டுகிறவன் கூட வர வேண்டுமே என்று மெதுவாக நடந்தான்.

கூடத்து வாசலில் மனைவி வாளியை நகர்த்தி அவனுக்கு வழி விட்டாள். அவன் கடந்துபோன பிறகும் வாளியைத் திரும்ப வைக்காமல், இன்னும் யாரோ வரக் காத்திருப்பவள்போல, சுவரோரம் ஒதுங்கியே நின்றாள்.