கழிக்க மனம் வராத பதினெட்டுக் கிலோ

திருமழபாடி ஈசன் சன்னதியில் கற்பூரத்தை அணைத்துச் சொல்கிறேன். இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் கொள்ளிடம் மேற்கே திரும்பி ஓடட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கில் பாடாலூர் தையல்காரன் நல்லதம்பியின் எடை நூற்று நாற்பத்தொரு கிலோ. அவன் பஸ் ஏறினால் டிரைவர் திரும்பிப் பார்க்காமலே, "நல்லதம்பியா? நடுவுல உட்காருப்பா" என்பார். மெட்ராஸில் ஒரு டாக்டர் அவன் வயிற்றைத் திறந்து, இரைப்பையைக் கொட்டாங்குச்சி அளவுக்குச் சுருக்கித் தைத்து அனுப்பினார். தையல் கொஞ்சம் கோணல் என்பதில் மட்டும் நல்லதம்பிக்கு வருத்தம்.

பத்து மாதம் கழித்து, சித்திரையில் ஒரு கோடை மழை. அரியலூர் ரயில் நிலையத்தில் எடை பார்க்கும் மெஷினில் ஏறிக் காசைப் போட்டான். விளக்குகள் சுழன்றன... டக்கென்று அட்டை விழுந்தது.

நூற்றுப் பன்னிரண்டு.

போன வாரம் தொண்ணூற்று நாலு. கஞ்சித் தண்ணீர் குடித்து ஏழு நாளில் பதினெட்டுக் கிலோ ஏறுமா? அவன் கண் கலங்கியது.

"அழாதீங்க சார். அது என் மூட்டை."

திரும்பினான். முதலில் தெரிந்தவை இரண்டு கண்கள். ஒரு மழைத்துளி இமை நுனியில் தொங்கிக்கொண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அப்புறம்தான் மெஷின் பலகையில், அவன் குதிகாலுக்குப் பின்னால் இருந்த சாக்கு மூட்டை தெரிந்தது.

"தரையெல்லாம் ஈரம். முந்திரிக்கொட்டை நனைஞ்சா அப்பா திட்டுவாரு. ஓரமா எடம் இருந்துச்சு, வெச்சுட்டேன்."

"அது மனுசன் நிக்கிற எடங்க."

"நீங்க நின்னது போக மிச்சம் இருந்த எடம்தான்."

அவன் முறைத்தான். அவள் சிரித்தாள். துளி விழுந்துவிட்டது...

"மூட்டை பதினெட்டு. கழிச்சா தொண்ணூத்தி நாலு. சரியா?"

உடையார்பாளையத்தில் முந்திரி மண்டி வைத்திருக்கும் ஆண்டவரின் மகள் உண்ணாமலை. எடை அவளுக்குக் கண்ணிலேயே இருந்தது. நல்லதம்பி அட்டையைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினான்.

அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும், பஸ் மாறி பஸ் ஏறி, மண்டித் தராசில் எடை பார்க்கப் போனான். பாடாலூரில் தராசே கிடையாதா என்று யாரும் கேட்கவில்லை.

"எவ்வளவுல நிறுத்துறதா உத்தேசம்?" என்றாள் ஒரு நாள்.

"அறுபது."

"டாக்டர் சொன்னாரா?"

"அவரு எண்பத்தஞ்சு போதும்னாரு. அவருக்கு என்ன தெரியும்?"

அறுபது கிலோ ஆளுக்கு அளவெடுத்து ஒரு சட்டையே தைத்துவிட்டான். அதைப் போட்டுக்கொண்டுதான் பெண் கேட்கப் போவேன் என்று அம்மனிடம் வேண்டுதல் வேறு. யாரைக் கேட்கப் போகிறான் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தராசு முள் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது...

ஆனியில் எண்பத்தெட்டு. ஆடியில் எண்பத்தைந்து. அங்கேயே முள் உட்கார்ந்துகொண்டது. கஞ்சியை விட்டான், மோரையும் விட்டான். முடி சீப்போடு வந்ததே தவிர, எடை போகவில்லை.

ஆவணி முதல் வெள்ளி. ஆண்டவர் வெற்றிலையை மென்றபடி சொன்னார்: "ஞாயித்துக்கிழமை உண்ணாமலையப் பொண்ணு பாக்க வராங்க தம்பி."

நல்லதம்பி தராசிலேயே மயங்கிச் சரிந்தான்.

ஆண்டவர் சோடா வாங்க ஓடினார். கண் திறந்தபோது உண்ணாமலை மோர்ச் சொம்போடு குனிந்திருந்தாள். குடிக்கும்வரை விடவில்லை. பிறகு ஒரு பிடி கொட்டையை எடுத்து அவன் காதருகே குலுக்கினாள். கலகலவென்றது.

"வெயில்ல போட்டா கொட்டை எடை குறையும். ஒரு அளவுக்கு வந்து நின்னுடும். அதுக்கு மேலயும் குறைஞ்சா என்ன சொல்லுவோம் தெரியுமா?"

"என்ன?"

"சொத்தை. தூக்கிப் போட்டுடுவோம்."

"சட்டை தைச்சாச்சே... வேண்டுதலாச்சே..."

"எங்க அந்தச் சட்டை?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் உள்பக்கம் திருப்பினாள். இரண்டு பக்கத் தையலுக்குள்ளும் மூன்று விரல் அகலத்துக்குத் துணி மடித்து விட்டிருந்தது.

"இது எதுக்கு?"

"பின்னால பெருத்தா பிரிச்சு விட்டுக்கலாம்னு... எல்லாருக்கும் விடுறதுதான். கை தானா விட்டுடுச்சு."

"பிரிச்சா எத்தனை கிலோ ஆளுக்குச் சேரும்?"

அவன் மனசுக்குள் அளந்தான். முகம் மாறியது. "எண்பத்தஞ்சு."

"உங்க கைக்கே தெரிஞ்சிருக்கு. பிரிச்சுப் போடக் கூடாதுன்னு அம்மன்கிட்ட சொன்னீங்களா?"

"அப்படிச் சொல்லலைங்க."

"அப்ப நாளைக்கு வாங்க. ஞாயித்துக்கிழமை லேட்டு."

நல்லதம்பி பதிலுக்குச் சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து நீட்டினான். வியர்வையில் மெத்தென்று ஆகியிருந்தது.

"இது தப்பு எடையாச்சே, ஏன் வெச்சிருக்கீங்க?"

"இதுல உங்களோடது பதினெட்டு இருக்குங்க... கழிக்க மனசு வரல."

உண்ணாமலை தலையைக் குனிந்து, தையலின் முதல் நூலைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

மறுநாள் பிரித்த சட்டையோடு வந்து நின்றவனை ஆண்டவர் மேலும் கீழும் பார்த்தார். "எண்பத்தஞ்சா? தேறும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வரவேண்டியவர்களுக்கு ஆள் போனது.

கல்யாணப் போட்டோ எங்கள் வீட்டுக் கூடத்தில், உண்ணாமலை உட்காரும் நாற்காலிக்கு மேலே மாட்டியிருக்கிறது. அதில் அந்தச் சட்டையோடு மாப்பிள்ளையாக நிற்கும் எனக்கு அன்றைக்கு எடை ஐம்பத்தொரு கிலோ. பிறந்ததிலிருந்து அதற்கு மேல் போனதில்லை. கொள்ளிடம் இப்போது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நான் போய்ப் பார்க்கவில்லை.