மூன்றாம் அறைக்குப் புதுப் பூட்டு

அன்று காலை பதினொரு மணிக்கு அந்தக் குளிர்க்கிடங்கில் இருந்தவர்கள் ஐந்து பேர்.

கிடங்கின் முதலாளி. அவருடைய அண்ணன், ஊருக்கே அவர் 'பெரியவர்'. கடன் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்த இறால்காரர். இறால்காரரின் வக்கீலம்மா.

ஐந்தாவது ஆள், கிடங்கின் கணக்கர்.

நான்கு பேர் மூன்றாம் அறையின் வாசலில் நின்றார்கள். கணக்கரைத்தான் காணவில்லை.

அறைக் கதவில், பளபளவென்று ஒரு புதுப் பூட்டு!

"இது எங்க பூட்டே இல்ல..." என்றார் முதலாளி. கட்டரை எடுத்து வந்து அவரே வெட்டினார். கதவு திறந்தது. வெள்ளைப் புகை போலக் குளிர் வெளியே பாய்ந்தது.

இறால்காரர்தான் முதலில் எட்டிப் பார்த்தார்.

"ஐயோ!"

இறால் பெட்டிகளுக்கு நடுவே, பிரித்த அட்டைகளை உடம்பில் சுற்றிக்கொண்டு, சுருண்டு கிடந்தார் கணக்கர். புருவமெல்லாம் வெள்ளை!

வெளியே இழுத்துப் போட்டார்கள். வக்கீலம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"உயிர் இருக்கு! ஆம்புலன்சைக் கூப்பிடுங்க!"

பெரியவர் ஆபீஸ் அறையிலிருந்து ஒரு கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினார். முதலாளி போனை எடுத்தார். ஆம்புலன்சுக்கு அல்ல.

"போலீஸ் ஸ்டேஷனா? கடன்காரங்க என் கணக்கரைக் கொல்லப் பாத்துட்டாங்க... உடனே வாங்க!"

ஆம்புலன்சை வக்கீலம்மாதான் கூப்பிட்டாள்.

"யாரைய்யா சொல்ற?" இறால்காரர் எகிறினார்.

"உன்னைத்தான்! காலையில ஒன்பது மணிக்கு வந்து இந்த வாசல்ல நின்னு கத்தினது யாரு? 'என் சரக்கை நீ நகத்த முடியாதபடி நானே பூட்டுப் போடறேன்'னு சொன்னது யாரு?"

"வாயால சொன்னேன்! சொல்லிட்டுப் போய்ட்டேன்!"

"கையாலயும் போட்டுட்ட. கணக்கர் உள்ளே இருக்கறது தெரிஞ்சே போட்டுட்ட."

"அடப்பாவி! பணத்தையும் முழுங்கிட்டு, பழியையும் என் தலையில கட்டறியா?"

"பணத்தைப் பத்திப் பேசாதே. கோர்ட் எனக்குத் தொண்ணூறு நாள் பாதுகாப்புக் குடுத்திருக்கு. அதுவரைக்கும் எந்தக் கடன்காரனும் என்மேல கேஸ் போடக் கூடாது, ஜப்தி கூடாது. ஒரு சுண்டுவிரல் கூடப் படக் கூடாது!"

வக்கீலம்மா நிமிர்ந்தாள்.

"குடை கிடைச்சிருக்கு சார். ஆனா ஓட்டையில்லாத குடை இல்ல. கடன் குடுத்தவங்க கோர்ட்டுக்குப் போக இன்னும் வழி இருக்கு."

"என்ன வழி?" முதலாளி சிரித்தார்.

"இவரோட இறால் உங்க சொத்து இல்ல. இங்க வச்சிருக்கார், அவ்வளவுதான். கெட்டுப்போறதுக்குள்ள எடுத்துக்க அனுமதி கேட்கலாம். அது ஒண்ணு. நீங்க சொத்தை மறைச்சு, பொய் சொல்லிப் பாதுகாப்பு வாங்கினீங்கன்னு காட்டினா, நீதிபதி அந்த உத்தரவையே எடுத்துடுவார்."

"காட்டு பாப்போம்!"

"அதுக்குத்தான் வந்தேன். உண்மையான சரக்குப் பதிவேட்டைப் பதினொரு மணிக்குத் தர்றதா நேத்து கணக்கர் போன் பண்ணார். இன்னிக்கு அவர் ஐஸ் பெட்டியில!"

முதலாளியின் சிரிப்பு ஒரு நொடி நின்றது. ஒரே நொடி.

"இன்னொரு வழியும் இருக்கு..." வக்கீலம்மாவின் பார்வை பெரியவர் பக்கம் தயங்கித் திரும்பியது. "கடன் வாங்கினவருக்குத்தான் குடை. ஜாமீன் போட்டவருக்குக் கிடையாது. பேங்க் அந்த வழியிலதான் வரும்னு கேள்வி. மன்னிச்சுக்குங்க ஐயா."

பெரியவர் வாசல் பக்கம் பார்த்தார்.

தம்பி பேங்கில் வாங்கிய கடனுக்குத் தன் வீட்டைக் காட்டி ஜாமீன் போட்டவர் அவர். வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையில் இருப்பது அப்பாவின் பெயர். இரண்டு தலைமுறையாக அந்தப் பெயரைச் சொன்னால் கடைவீதியில் ரசீது கேட்க மாட்டார்கள். இன்று அந்தப் பலகைக்குக் கீழே ஒரு மனிதர் விறைத்துக் கிடந்தார்.

ஆம்புலன்ஸ் வந்தது. பின்னாலேயே இன்ஸ்பெக்டரும் வந்தார்.

"யார் பூட்டு இது?"

"இதோ, இவரோடது சார்!" முதலாளி இறால்காரரைக் காட்டினார். "நான் காலையிலேருந்து ஆபீஸ்லதான் இருந்தேன். மூணாம் அறைப் பக்கமே போகல."

இறால்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. அந்தக் குளிரிலும்!

பெரியவர் மெல்ல நடந்தார். ஆபீஸ் வாசலில் இருந்த மரப்பலகையின் முன்னால் நின்றார்.

"இன்ஸ்பெக்டர், இங்க வாங்க."

பலகையில் ஆறு ஆணிகள். ஆறு பித்தளை வில்லைகள்.

"எங்கப்பா வச்ச சட்டம் இது. குளிர் அறைக்குள்ள போறவன் தன் வில்லையை எடுத்து, அந்த அறைக் கதவு ஆணியில மாட்டிட்டுத்தான் போகணும். வெளிய வந்தப்புறம் திரும்ப இந்தப் பலகைக்கு வரும். கதவுல வில்லை தொங்கினா உள்ளே ஆள் இருக்குன்னு அர்த்தம். முப்பது வருஷத்துல கணக்கர் ஒரு நாள் கூட மறந்ததில்ல."

"சரி..."

"கணக்கர் வில்லை நாலாம் நம்பர். இப்ப எங்க இருக்கு?"

இன்ஸ்பெக்டர் நாலாம் ஆணியைப் பார்த்தார். "பலகையில!"

"ஆள் உள்ளே. வில்லை வெளியே. வேத்து ஆள் பூட்டியிருந்தா அது கதவுலயே தொங்கியிருக்கும். இறால்காரருக்கு வில்லையைப் பத்தி என்ன தெரியும்? பூட்டின கதவுல வில்லை தொங்கக் கூடாதுன்னு கை தானா எடுத்து மாட்டறது, இந்தக் கிடங்குல வளர்ந்தவனுக்குத்தான் வரும்."

"வேலைக்காரன் எவனாவது மாட்டியிருப்பான்!" முதலாளி கத்தினார்.

"எந்த வேலைக்காரன்டா? சம்பளம் குடுக்காம ஒரு மாசம் முன்னாடியே எல்லாரையும் அனுப்பிட்டியே!" பெரியவரின் குரல் உயரவில்லை. "இன்னும் ஒண்ணு இருக்கு, இன்ஸ்பெக்டர். அஞ்சு வில்லையில நம்பர் நம்மளப் பாக்குது. நாலாம் நம்பர் மட்டும் சுவரைப் பாக்குது. நம்பரைத் திருப்பி மாட்டறதுக்கு எங்கப்பாகிட்ட தினமும் திட்டு வாங்கினது ஒரே ஒருத்தன்."

பெரியவர் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"புதுப் பூட்டு வாங்கத் தெரிஞ்சுது உனக்கு. பழைய கையை மாத்தத் தெரியல."

தம்பி அண்ணனின் அருகில் வந்தார். பல்லைக் கடித்தார்.

"அண்ணே... குடும்ப மானம் போகுதே, தெரியலையா?"

"அது நீ பூட்டினப்பவே போச்சு. நான் இப்பத் தேடிக்கிட்டிருக்கேன்."

"பெரிசா கிழிச்சீங்க! பதிவேடு இல்லாம கோர்ட்ல என்ன செய்வீங்க? பாதுகாப்பை எடுக்கச் சொல்லி மனுப் போடறதுக்கு நீங்க யாரு? கடன் குடுத்தவரா? வெறும் ஜாமீன்! நாளைக்கு வீட்டை விட்டுத் துரத்தப்போற ஜாமீன்!"

அப்போது ஆம்புலன்ஸ்காரர் உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"சார், சட்டைக்குள்ள என்னமோ கட்டி வச்சிருக்காரு!"

நீளமான, தடித்த, சிவப்பு அட்டைப் பதிவேடு! மார்போடு சேர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. தம்பி காலையிலேயே மேசையைத் தேடியிருந்தார், பையைத் தேடியிருந்தார். கணக்கரின் சட்டையைத் தேடவில்லை!

வக்கீலம்மா பக்கங்களைப் புரட்டினாள்.

"இறால் பாதிக்கு மேல வித்தாச்சு. மிச்சப் பெட்டியில வெறும் ஐஸ். பணமெல்லாம் முதலாளியோட மச்சான் பேர்ல..."

இறால்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

பெரியவர் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து வக்கீலம்மாவிடம் நீட்டினார். அவள் படித்தாள். கண்கள் விரிந்தன.

"ஐயா... பேங்க் கடனை முழுசா நீங்களே கட்டிட்டீங்களா?"

"வெள்ளிக்கிழமை. வீட்டை வித்து."

"அப்படின்னா..." அவள் முதலாளியின் பக்கம் திரும்பினாள். "ஜாமீன்தாரர் கடனை அடைச்சா, பேங்குக்கு இருந்த உரிமையெல்லாம் அவருக்கு வந்துடும். இந்தக் கிடங்கு மேல இருக்கற அடமானமும் சேத்து! சார், இப்ப உங்களுக்குப் பெரிய கடன்காரர் யார் தெரியுமா?"

தம்பியின் முகம், கணக்கரின் புருவத்தை விட வெளுத்தது.

"மனு எழுதும்மா," என்றார் பெரியவர். "முதல் கையெழுத்து என்னுது."

மதியம் இரண்டரைக்கு மனு. நாலு மணிக்கு நீதிபதி பாதுகாப்பு உத்தரவை நீக்கினார். அதற்கு முன்பே இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டிவிட்டார். கணக்கர் மூன்றாம் நாள் கண் விழித்து, முதலில் கேட்டது பதிவேட்டைத்தான்.

வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளப் பெரியவர் தம்பியைப் பிடித்துக்கொடுத்தார் என்று ஒரு பேச்சு உலவுகிறது. பொய். காப்பாற்ற அவரிடம் வீடே இல்லை.

லாக்கப்பில் இருந்த தம்பியை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதும் பொய். போனார். கணக்கருக்குப் போர்த்திய அதே கம்பளியைக் கம்பிக்குள் நீட்டினார்.

"வச்சுக்கோடா. வெளியில பூட்டிட்டா, உள்ளே குளிரும்!"