இந்தக் கை நானல்ல

அக்கா வீட்டு மாடிப்படி மொத்தம் இருபத்திரண்டு. பேச்சாளர் ஏறும் நாளில் மட்டும் அது இருநூற்று இருபதாகிவிடும். பாதி வழியிலேயே அவருடைய முழங்கால் இரண்டும் ராஜினாமாக் கடிதம் எழுதத் தொடங்கிவிடும். ஆனாலும் இன்று ஏறித்தான் ஆகவேண்டும். மணி நாலரை. ஆறரைக்கு அரங்கத்தில் பேச்சு. ‘நான் என்னும் பொய்’ என்று ஊர்ச்சுவர் முழுக்க ஒட்டியாயிற்று. பேசுவதற்கு மட்டும் அவரிடம் அரை வரிகூட இல்லை.

எப்படி இருக்கும்? பதினேழு வருடமாக அவர் வாயிலிருந்து வந்த ஞானமெல்லாம் அக்கா எழுதிக்கொடுத்தது. அக்கா போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது.

கீழ்வீட்டுத் தையல்காரம்மாதான் சாவியைக் கொடுத்திருந்தாள், மெஷினை நிறுத்தாமலே.

“ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தரம் வந்தீங்க. நோட்டு கேட்டு அஞ்சு தரம் போன் பண்ணிட்டீங்க. பாசம்னா இதுதான் தம்பி.”

“அவசரம்மா. எங்க வச்சிருக்காங்க?”

“மேஜை மேலதான். ‘யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது, அவனே உக்காந்து வாசிக்கட்டும்’னு சொன்னாங்க.”

“எப்பச் சொன்னாங்க?”

மெஷின் நின்றது. தையல்காரம்மா பல்லிடுக்கில் வைத்திருந்த ஊசியை எடுத்தாள். “அதான் எனக்கும் பிடிபடல. போன மாசமா... நேத்தா...”

மாடியறையில் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே கிணற்றடிபோல ஈரக்குளிர். பழைய காகிதம், மை, தலைவலித் தைலம் மூன்றும் கலந்த வாசனை வாசலிலேயே வந்து அவர் சட்டையைப் பிடித்தது. ஒரு மாதம் பூட்டிக் கிடந்த அறையில் தைலம் மட்டும் இப்போதுதான் தடவிய மாதிரி மணந்தது.

மேஜைமேல் நோட்டு. பக்கத்தில் சிவப்புப் பேனா. எதிரில் அக்காவின் நாற்காலி.

அதில்தான் உட்கார்ந்தார். வேறு நாற்காலி இல்லை.

அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. எழுதி முடித்ததும் தம்பி அவளெதிரே தரையில் உட்கார்ந்து உரக்க வாசிக்கவேண்டும். தடுக்கினால் தொண்டையைச் செருமுவாள். உடனே அந்த வரியை முதலிலிருந்து தொடங்கவேண்டும். “ஒருதரம் மனசுக்குள்ள பாத்துட்டு வாயத் திறடா” என்று அவள் கெஞ்சாத நாளில்லை. அவர் கேட்ட நாளுமில்லை. முன்கூட்டிப் பார்ப்பதெல்லாம் மட்டமான பேச்சாளர்கள் செய்கிற வேலை. அவருக்கு ஒருமுறை வாயால் சொன்னால் போதும், ஏழு ஜென்மத்துக்கும் மறக்காது. அர்த்தம் புரியவில்லையே என்று அவர் ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “உன் பேர்ல பதினோரு புஸ்தகம் வந்திருச்சு. ஒண்ணுலயாவது என் பேரு போடுடா.”

அவர் சிரித்தார். “பேர்ல என்னக்கா இருக்கு? நீ வேற நான் வேறயா? நான்ங்கறதே பொய்னு நீதானே எழுதின?”

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன்பிறகு அவர் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

அதெல்லாம் இப்போது எதற்கு? தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஆயிரம் பேர் எதிரில் இருப்பதாகப் பாவித்து, முதல் பக்கத்தை விரித்தார்.

“இது யாருடைய கை என்று கேள். என் கை என்பாய். உன் சட்டை நீ ஆகமாட்டாய். உன் வீடு நீ ஆகமாட்டாய். உன் கை மட்டும் எப்படி நீ ஆகும்? ஆகவே சொல். இந்தக் கை நானல்ல.”

அருமை. கைதட்டலுக்கு இங்கே ஓர் இடைவெளி விடலாம் என்று நினைத்தார்.

இடது கை நகர்ந்தது.

அவர் நகர்த்தவில்லை.

அது நிதானமாகப் போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்தது. மூடியை வாயருகே கொண்டுவந்து பல்லில் கடித்துத் திறந்தது. அவர் பிறவி வலக்கைக்காரர். இடக்கைக்காரி அக்காதான்.

வலக்கையால் அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். வலக்கை மேஜைமேல் நனைந்த துணியாகக் கிடந்தது.

வாய் தன்பாட்டுக்கு அடுத்த வரியைத் தொடங்க, அவருடைய நாக்கு குளறியது.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பதினேழு வருடப் பழக்கம் பொல்லாதது. கண் வாசலைத் தேட, வாய் மட்டும் வரியின் முதலுக்கே ஓடி நல்ல பிள்ளையாய் வாசித்தது. “எழுந்து ஓடலாமென்று பார்க்கிறாயா? ஓடப்போவது யார்? இந்தக் கால் நானல்ல.”

ஓடவிருந்த கால்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாவகாசமாய் மடிந்துகொண்டன. அக்கா கால்மேல் கால் போடுவது அப்படித்தான்.

வாழ்க்கையில் முதன்முறையாகப் பேச்சாளர் அடுத்த வரியைக் கண்ணால் முன்கூட்டிப் பார்த்தார்.

பார்த்ததும் உதட்டை இறுக்கினார்.

செருமல், காதுக்குள்ளேயே.

“இந்தக் குரல் நானல்ல.”

பிறகு அந்தக் குரல், அவருடைய குரலேதான், அவரைக் கேட்காமல் பேசியது.

“இப்ப சொல்லுடா. பேர்ல என்ன இருக்கு?”

‘அக்கா, என் உடம்புக்கா’ என்று அவர் கதறினார். கதற வாயில்லை. கண் திறந்திருந்தது, அவர் திறந்ததல்ல. மூச்சு வந்து போனது, அவர் விட்டதல்ல. எல்லாவற்றையும் பார்க்கமட்டும் முடிந்தது. பதினேழு வருடமாக மேடையில் கண்மூடி அவர் வர்ணித்த அதே சாட்சி நிலை. ‘அங்கே போனவனுக்கு ஆனந்தம், ஆனந்தம்’ என்று அடித்துவிட்டாரே, அதே இடம். அவருக்கு அது ஆணியடித்த பெட்டியாக இருந்தது.

பக்கத்தின் அடியில் ஒரு வரி மிச்சமிருந்தது. கை அதை மறைக்காமல், அவர் பார்க்கட்டும் என்றே நோட்டைச் சற்று நேரம் பிடித்திருந்தது. ‘எல்லாம் போனபிறகும் பார்த்துக்கொண்டிருப்பது எதுவோ, அது உனதுமல்ல, எனதுமல்ல. நான் நான் என்பதை விடு. அதுவாகவே இரு.’

வெளியே வர அவ்வளவுதான் வழி. ஒரு சொல்லைக் கைவிட்டால் போதும்.

‘நான்’ என்று கத்தினார் அவர். ‘நான், நான், நான்.’

“தெரியும்” என்றது அவர் வாய். நோட்டு மூடிக்கொண்டது.

உடம்பு இருபத்திரண்டு படியையும் பூப்போல இறங்கியது. முழங்கால் முனகவேயில்லை.

“சாவிய ஆணியிலேயே மாட்டிடுங்க. பாத்து இறங்குங்க அக்கா” என்றாள் தையல்காரம்மா துணியிலிருந்து தலைநிமிராமல். சொன்ன பிறகுதான் நிமிர்ந்தாள். வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தார், பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி. தையல்காரம்மாவின் கால் மிதிகட்டையை மறந்தது.

அன்றைய பேச்சைப்போல ஒரு பேச்சை அந்த அரங்கத்துத் தூண்கள்கூடக் கேட்டதில்லை. சரக்கு முழுக்கத் தெரிந்தவள் முதல்முறையாக மேடையில் நின்றாள், வேறென்ன வேண்டும்? முடிவில் மைக்கைப் பிடித்து, “இதுவரைக்கும் வந்த பதினோரு புஸ்தகமும் என் அக்கா எழுதினது. நான் திருடினேன். அடுத்த பதிப்புலேர்ந்து அட்டையில அவங்க பேரு மட்டும்தான் இருக்கும்” என்று சொன்னதும் கூட்டம் எழுந்து நின்றது. முன்வரிசைப் பேராசிரியர் மூக்கைச் சிந்தினார். “பாத்தீங்களா, அகந்தைய அடியோட வெட்டி எறிஞ்சுட்டார். இவரல்லவா ஞானி” என்று பக்கத்திலிருந்தவரிடம் விம்மினார்.

உள்ளே ஒருவர், ‘பொய், அது என் பேர், என் மேடை’ என்று தொண்டையில்லாமல் அலறிக்கொண்டிருந்தார். கைதட்டல் பத்து நிமிடம் ஓயவில்லை. அத்தனையும் கண்ணெதிரே. ஒரு துளிகூட அவருக்கில்லை.

கூட்டம் கலைந்ததும் ஒலிப்பதிவுக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். “ஐயா, ஒரு சின்னக் கோளாறு. நீங்க மூச்சு வாங்குற இடத்துலெல்லாம் பின்னாடி ஏதோ தட்டுற மாதிரி கேக்குது. யாரோ உள்ளேர்ந்து கதவ இடிக்கிற மாதிரி. மைக்க மாத்திப் பாத்தேன். ஒயர மாத்தினேன். போக மாட்டேங்குது.”

ஐயா ஹெட்போனைக் காதில் வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் கேட்டார். இனிமையான பாட்டைக் கேட்பவர்போல முகம் மலர்ந்தது.

“இருக்கட்டும்பா, எடுக்காத” என்றார். “அந்தக் கதவு பூட்டவே இல்ல. தட்டுறவனுக்குத்தான் தள்ளத் தெரியல.”