போனில் தலையாட்டுகிற தம்பி

கிதியோனுக்குப் போனில் பேசத் தெரியாது. என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவான். நான்கு வயதுப் பையன். அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தன் தலை தெரியாது என்பது அவனுக்கு இன்னும் புரியவில்லை.

அவனுடைய அக்கா ஜெபக்கனி திருப்பூரில் ஐந்தாம் வகுப்புப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் ஆறுச்சாமியின் மளிகைக் கடைக்கு ஓடுவாள். கடை வாசலில் ஒரு ரூபாய் போன் ஒன்று மாட்டியிருந்தது. காசைப் போட்டு எண்ணை அழுத்தினால், தூரத்தில் திசையன்விளையில் அத்தையின் செல்போன் அடிக்கும்.

"கிதியோனு, சாப்பிட்டியா?"

பதில் வராது. மூச்சுவிடும் சத்தம் மட்டும் வரும்.

"அக்காவ நெனைக்கியா?"

அதற்கும் மூச்சுதான்.

பிறகு அத்தையின் குரல் கேட்கும். "ஆட்டுதான் ஜெபா. தலைய நல்லா ஆட்டுதான்." அதற்குள் ஒரு ரூபாய் தீர்ந்துவிடும்.

ஆறுச்சாமி சிரிப்பார். "ஏங்கண்ணு, வாராவாரம் காசு போட்டு ஊமைப்படம் கேக்கறயே?"

ஜெபக்கனியும் சிரிப்பாள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே சிரிப்பு நின்றுவிடும். தம்பி எப்படித் தலையாட்டுவான்? வேகமாகவா, மெதுவாகவா? அம்மாவைப் போல ஒரு பக்கம் சாய்த்தா? அவனைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவன் தலையாட்டும் விதமே அவளுக்கு மறந்து போயிருந்தது.

அப்பா இறந்த பிறகுதான் அம்மா ஞானவடிவு வேலை தேடித் திருப்பூருக்கு வந்தாள். பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புவாள். ஜெபக்கனி பள்ளிக்கூடம் போய்விடுவாள். பால்வாடியோ மூன்று மணிக்கே விட்டுவிடும். அதற்குப் பிறகு சின்னப் பையனை யார் பார்த்துக்கொள்வது? அதனால் அவன் அத்தையோடு ஊரில் தங்கிவிட்டான்.

ஊரில் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சோறு வடிக்க அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனியாகப் போட்டு வைப்பார்கள். மாதக் கடைசியில் அதைக் கோயிலில் சேர்ப்பார்கள். அவர்கள் ஊரில் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். திருப்பூர் சர்ச்சில் யாரும் அரிசி கொண்டுவருவதில்லை.

"எம்மா, இந்தப் பிடியரிசிய என்ன செய்ய?" என்று வந்த புதிதில் ஜெபக்கனி கேட்டாள்.

"சேத்து வை. ஊருக்குப் போகும்போது நம்ம கோயில்ல குடுப்போம்."

அரிசி அளப்பது ஜெபக்கனியின் வேலை. ஆறுச்சாமியிடம் காலி மிட்டாய் பாட்டில் ஒன்று கேட்டு வாங்கினாள். தினமும் ஒரு பிடி போட்டாள். வண்டு வராமல் இருக்கக் காய்ந்த வேப்பிலையும் போட்டாள். பாட்டில் நிறைந்தால் ஊருக்குப் போய்விடலாம் என்று அவளாகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள்.

முதல் பாட்டில் நிறைந்தது. கம்பெனியில் லீவு தரவில்லை.

இரண்டாவது நிறைந்தது. கிறிஸ்துமஸ் நேரம், ஏற்றுமதிக்குச் சரக்கு போக வேண்டும் என்றார்கள்.

மூன்றாவது நிறைந்தபோது அவள் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. ஆறுச்சாமியிடம் இன்னொரு பாட்டில்தான் கேட்டாள்.

அந்த நேரத்தில்தான் சர்ச்சில் 'கைத்தாங்கல்' பற்றி அறிவித்தார்கள். சர்ச்சிலுள்ள பெண்கள் தங்கள் போனஸில் கொஞ்சம் கொஞ்சம் போட்டு ஆரம்பித்த நிதி அது. சொந்தமாகத் தொழில் செய்ய நினைக்கும் ஏழைகளுக்குக் கடன் கொடுப்பார்கள். வட்டி கிடையாது. வாராவாரம் திருப்பிக் கட்டினால் அந்தப் பணம் அடுத்தவருக்குப் போகும். அதில் இட்லிக்கடை போட்டவர் உண்டு, தள்ளுவண்டி வாங்கியவர் உண்டு.

அம்மாவுக்குப் பனியன் துணியை ஓரம் அடித்துத் தைக்கும் ஓவர்லாக் மிஷின் ஒன்று வேண்டும். பழசானாலும் போதும். தெருமுனையிலுள்ள சின்னக் கம்பெனிக்காரர், வெட்டிய பனியன் துணியை வீட்டுக்கே கொடுத்துத் தைத்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். வீட்டில் மிஷின் இருந்தால் அம்மா வீட்டில் இருப்பாள். அம்மா வீட்டில் இருந்தால் கிதியோன் வரலாம். ஜெபக்கனிக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வேலைக்குப் போகாமல் சர்ச்சுக்கு வந்தாள். ஆராதனை முடிந்ததும் நிதியைப் பார்த்துக்கொள்ளும் லில்லி டீச்சரும் நான்கு பெண்களும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அம்மா அவர்கள் முன்னால் நின்றாள். உட்காரச் சொன்னபிறகும் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க ஞானவடிவு," என்றார் லில்லி டீச்சர். "உங்கள இங்க ரெண்டு மூணு தடவதான் பாத்திருக்கறனுங்க."

"ஞாயித்துக்கெழமையும் கம்பெனி உண்டு டீச்சர்."

"புரியுதுங்க. ஆனா இது பொதுப்பணம். போன வருசம் ஒருத்தருக்குக் குடுத்தோம். மூணே மாசத்துல மிஷினோட ஊரக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. அடுத்து வாங்க வேண்டியவங்க கைய பெசஞ்சுட்டு நின்னாங்க. அதனால இப்பெல்லாம், நாள் தவறாம கட்டுவாங்கன்னு ரெண்டு பேரு சொன்னாத்தானுங்க குடுக்கறோம். உங்களத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

அம்மா யோசித்தாள். கம்பெனியில் பக்கத்து மிஷினுக்கு மாதம் ஒருத்தி வருவாள், போவாள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் எல்லாரும் விடிந்தால் வேலைக்குப் போகிறவர்கள். யாருக்கும் யாரையும் தெரியாது.

"யாரும் இல்ல டீச்சர்."

"அப்ப அடுத்த வருசம் பாக்கலாமுங்க," என்றார் டீச்சர். சொல்லும்போது அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அடுத்த வருடமா? இன்னும் எத்தனை பாட்டில்? அப்போதுதான் டீச்சர் சொன்ன இரண்டு வார்த்தைகள் ஜெபக்கனியின் மனதில் திரும்ப வந்தன. நாள் தவறாம.

"டீச்சர், நீங்க வீட்டுக்குப் போயிராதீங்க. அரை மணி நேரம் மட்டும் இருங்க," என்றாள்.

"சும்மா இருட்டி," என்று அம்மா கையைப் பிடித்தாள். ஆனால் ஜெபக்கனி வாசலைத் தாண்டிவிட்டாள்.

நேராக மளிகைக் கடைக்கு ஓடினாள். "அண்ணாச்சி, ஒங்க வண்டி வேணும்." ஆறுச்சாமியை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவள் அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திதான்.

"வண்டி ஓட்டப் போறயா?"

"நீங்கதான் ஓட்டணும். நாலு பாட்டில் இருக்கு. என்னால தூக்க முடியாது."

அவள் முகத்தைப் பார்த்ததும் ஆறுச்சாமி வேறு கேள்வி கேட்கவில்லை. கடையை மனைவியிடம் விட்டுவிட்டு டி.வி.எஸ். வண்டியை எடுத்தார். அவள் வீட்டுக்குப் போய் மூன்று பாட்டில்களைச் சாக்கில் வைத்து வண்டியின் முன்னால் கட்டினார்கள். நான்காவதை ஜெபக்கனி பின்னால் உட்கார்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

சர்ச் பெஞ்சில் நான்கு பாட்டில்களும் வரிசையாக நின்றன. கடைசிப் பாட்டில் பாதிதான் நிறைந்திருந்தது.

"என்ன கண்ணு இது?"

"பிடியரிசி டீச்சர். இங்க வந்த நாள்ல இருந்து டெய்லி ஒரு பிடி. ஊருக்குப் போய்க் கோயில்ல குடுக்க வச்சிருந்தோம். போக முடியல."

செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கதவோரம் நின்ற ஆறுச்சாமி எட்டிப் பார்த்தார். அரிசியைப் பார்த்தால் அவருக்குக் கால் நிற்காது. மெல்ல உள்ளே வந்து ஒரு பாட்டிலைத் தொட்டார். வெளியிலிருந்து பார்க்கும்போது அரிசி பட்டை பட்டையாகத் தெரிந்தது.

"இந்தப் பழுப்பு ரேசன் அரிசிங்க. இந்த வெள்ளப் பட்டை இருக்குதுங்களே, இது பொன்னி. தீபாவளி போனசு வந்தப்ப எங்கடையில வாங்குனது. அப்பறம் திரும்ப ரேசன்." அவர் விரல் மூன்றாவது பாட்டிலில் ஓரிடத்தில் நின்றது. "இது என்ன கண்ணு, குருணையா?"

"அம்மாவுக்கு டைபாய்டு வந்துச்சுல்லா அண்ணாச்சி. அப்ப குருணைதான் வாங்குனோம். கஞ்சிதான் காய்ச்சுனோம்."

"அந்த மாசமுமா போட்ட?"

"போடணும்லா. கஞ்சியும் அரிசிதான."

லில்லி டீச்சர் அந்த மெல்லிய குருணைப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஜெபக்கனிக்கு ஒரு விஷயம் உறுத்தியது. சொல்லலாமா, வேண்டாமா? சொன்னால் கடன் கிடைக்காமல் போனாலும் போகலாம். அவள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

"டீச்சர், ஒரு நாள் மட்டும் பாட்டில்ல இருந்து எடுத்துட்டேன். அன்னைக்கு வீட்டுல ஒண்ணுமே இல்ல. நாலு பிடி எடுத்தேன். சம்பளம் வந்ததும் நாலு பிடி திருப்பிப் போட்டுட்டேன்."

"சரியா நாலுதானா?" என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர். வட்டி போடல."

ஐந்து பெண்களும் சிரித்துவிட்டார்கள். அம்மாவுக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. "நாங்களும் வாங்கறதில்ல கண்ணு," என்றார் டீச்சர்.

ஆறுச்சாமி தொண்டையைச் செருமினார். "ஏனுங்க, நான் சர்ச்சுக்காரன் இல்லீங்க. இந்தம்மாவயும் அவ்வளவாத் தெரியாது. ஆனா அரிசியத் தெரியுமுங்க. ஒரு ஆளுக்கு எம்பேர எழுதிக்குங்க."

"அப்ப இன்னொரு பேரு என்னோடது," என்று டீச்சர் பேனாவைத் திறந்தார்.

எழுதி முடித்ததும் அவர் பாட்டில்களைக் காட்டினார். "இதெல்லாம் ஊருக்குக் கொண்டு போகணுமில்ல? பத்திரமா எடுத்து வை."

ஜெபக்கனி கடைசிப் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு பிடி போடும்போதும் அவள் ஊரை நினைத்திருக்கிறாள். பஸ், அத்தை வீட்டு முற்றம், ஓடி வருகிற தம்பி. பாட்டில்களைக் கொடுத்துவிட்டால் அந்தப் பயணமும் போய்விடும் போலிருந்தது.

"இங்கயே வச்சுக்கோங்க டீச்சர்," என்றாள் கடைசியில். "நாங்க போக வேண்டாம். அவன் இங்க வரட்டும்."

அடுத்த ஞாயிறு அந்த அரிசியைப் பொங்கி எல்லாருக்கும் சாப்பாடு போட்டார்கள். ரேசன், பொன்னி, குருணை எல்லாம் ஒரே அண்டாவில் வெந்ததால் பாதி குழைந்தது, பாதி விறைத்து நின்றது. ஆறுச்சாமி மட்டும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். நல்ல சோறு என்றும் சொன்னார். அரிசி வியாபாரி பொய் சொல்வதை ஜெபக்கனி அன்றுதான் முதல்முறை பார்த்தாள்.

பச்சை நிறத்தில் பழைய ஓவர்லாக் மிஷின் ஒன்று வீட்டுக்கு வந்தது. அம்மா காலையில் வீட்டில் இருந்தாள், மாலையிலும் இருந்தாள். சனிக்கிழமை தோறும் ஜெபக்கனி தவணைப் பணத்தை லில்லி டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். தினமும் புதிய பாட்டிலில் ஒரு பிடி விழுந்தது. எல்லாம் சரியாக நடந்தும் பள்ளிக்கூட லீவு மட்டும் நத்தை போல வந்தது. அத்தையின் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் முடிந்து மே மாதத்தில்தான் அவளால் தம்பியை அழைத்துவர முடியும்.

ஒருவழியாக அந்தக் காலையும் வந்தது. பஸ் ஸ்டாண்டில் அத்தை இறங்கினாள். அவள் சேலைக்குப் பின்னால் ஒரு தலை தெரிந்தது, மறைந்தது. நினைத்ததைவிட உயரமாக வளர்ந்திருந்தான்.

ஜெபக்கனி அவன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒரு ரூபாய் தீர்ந்துவிடுமே என்ற கவலை இன்று இல்லை. ஆனாலும் அவளுக்கு வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"கிதியோனு, சாப்பிட்டியா?"

அவன் வாயைத் திறக்கவில்லை. கண்ணை அகல விரித்து, தாடை நெஞ்சில் இடிக்கிற மாதிரி மூன்று தடவை தலையை ஆட்டினான்.

"அக்காவ நெனச்சியா?"

இன்னும் வேகமாக ஆட்டினான். நெற்றி முடியெல்லாம் கண்ணில் விழுந்தது.

"ஆட்டுதான் ஜெபா," என்றாள் அத்தை பழக்க தோஷத்தில்.

"தெரியுது அத்தை," என்றாள் ஜெபக்கனி.