ஒன்பதாவது தலையணை

1926 ஏப்ரல் 29, வியாழக்கிழமை. காலை 6.40.

ஈப்போ பக்கம், செமோருக்கு மேற்கே ஒரு கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர்த் தோட்டம். அங்கே ரப்பர் ஆலையின் இஞ்சின் டிரைவர் பழனியப்பன், கட்டிலை விட்டு மெதுவாக எழுந்து சுவரில் இருந்த முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டார். தூசிதான் கிடைத்தது. படத்தையே கழற்றிப் பார்த்தார். டாக்டரின் கடிதம் இல்லை.

அந்தக் கடிதம் போனால் அவருக்கு என்ன போகும் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பழனியப்பனுக்கு வயது ஐம்பத்தைந்து. மார்ச் மாதம் குடலிறக்கத்துக்காகப் பத்துகாஜா என்ற ஊர் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத் தைத்தார்கள். "வயசும் ஆச்சு, வியாதியும் வந்துருச்சு, ஓய்வெடுத்துக்கோ" என்றார் தோட்டத்துத் துரை. இவர் மன்றாடியதும் ஒரு தவணை கொடுத்தார். வேலைக்குத் தகுதி என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதம் ஏப்ரல் முப்பது பகல் பன்னிரண்டு மணிக்குள் துரையின் கைக்கு வந்தால் இஞ்சின் அவருக்கு. வராவிட்டால் ஓய்வு, உதவியாள் செபாஸ்டியன் டிரைவர் ஆவான், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

திங்கட்கிழமை டாக்டர் லயத்துக்கே வந்து பார்த்து அந்தக் கடிதத்தைக் கொடுத்தார். கொடுத்த கையோடு லீவில் சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டார். மறுபடி எழுதி வாங்க வழியில்லை. உடனே ஆபீசில் கொடுத்திருக்கலாமே என்றால், பழனியப்பனின் வீம்பு உங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை முதல் அரை மைல் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "படுத்துக்கிட்டே வேலை கேட்டான்னு யாரும் சொல்லக் கூடாது. என் கால்ல நடந்து போயி, என் கையால தொரைகிட்ட குடுப்பேன்" என்று சொல்லிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். வந்தவர் போனவர் எல்லாருக்கும் எடுத்துக் காட்டவும் செய்தார்.

வியாழன் முழுக்க வீட்டைப் புரட்டினார்கள். அரிசித் தவலை, டிரங்குப் பெட்டி, கூரை இடுக்கு எல்லாம் மூன்று தடவை பார்த்தாகிவிட்டது. மனைவி வீரம்மாவும் கூடவே தேடினாள். சாயங்காலம் வழக்கம்போல செபாஸ்டியன் இஞ்சின் சமாசாரம் சொல்ல வந்தான். லயத்து சனம் அத்தனையும் பார்க்க, "திருட்டுப் பயலே, என் சோத்தத் தின்னுட்டு என் நாற்காலிக்கா ஆசப்பட்ட" என்று பழனியப்பன் அவன் காலடியில் துப்பினார். செபாஸ்டியன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததையே எல்லாரும் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். சனம் அப்படித்தான்.

ஏப்ரல் 30, வெள்ளிக்கிழமை. காலை 9.15.

ஈப்போவிலிருந்து துப்பறியும் சார்ஜன்ட் சின்னையா சைக்கிளில் வந்து இறங்கினார். ஒல்லி மனிதர். பழனியப்பன் கொடுத்த புகார் அவர் சட்டைப் பையில் இருந்தது. அதில் செபாஸ்டியனின் பெயரும் இருந்தது.

வீடு ஒரே அறை, பின்னால் அடுப்படி. சாணம் மெழுகிய தரை. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் முருகன் படம். மூலையில் டிரங்குப் பெட்டி மேல் புதுத் தலையணைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கட்டிலிலும் ஒன்று இருந்தது.

"இது என்னாண்ணே, கடை போட்டிருக்கீங்களா?"

"ஆபீசுல கணக்கு எழுதுற கிராணி அந்தோணிமுத்து மக கத்தரினுக்குக் கல்யாணம்லா. அதுக்கு எட்டு. எனக்கு ஒண்ணு. ஆறு வாரமாக் கட்டில்ல கெடந்தா மனுசனுக்குப் புத்தி பேதலிச்சுப் போயிரும். இவதான் எலவம்பஞ்சு வாங்கியாந்து போட்டா. இவ வெதை எடுப்பா, நான் அடைச்சுத் தைப்பேன்."

"எப்ப முடிஞ்சுது?"

"செவ்வாக்கெழம மத்தியானம் ஒம்பதும் முடிஞ்சுது. மிச்சப் பஞ்ச அப்பவே சாக்கோட கிராணி வீட்டுக்குக் குடுத்து விட்டாச்சு."

"அந்தச் சூராட்ட, டாக்டர் காயிதத்த, கடைசியாப் பாத்தது?"

"அன்னிக்கு அந்தியில. அந்தோணிமுத்து வந்து வாய்விட்டுப் படிச்சான். நானே திருப்பிச் செருகுனேன்."

"புதன்கிழமை யார் வந்தா?"

"அந்த செபாஸ்டியன் ஒருத்தன்தான். அஞ்சு மணிக்கு வந்து இந்தப் படத்துக்கு நேரா உக்காந்தான். நான் மருந்து மயக்கத்துல கண்ணசந்துட்டேன்."

சின்னையா கட்டிலுக்கு அடியில் குனிந்தார். காய்ந்த சாணத்தில் எதையோ நகத்தால் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். விதையோடு ஒரு சிட்டிகைப் பஞ்சு.

"அக்கா, தரை எப்ப மெழுகுனீங்க?"

அடுப்படியிலிருந்து வீரம்மா எட்டிப் பார்த்தாள். "புதன்கெழம. அவரு சாப்புட்டுத் தூங்குனப்புறம்."

"மெழுகுறதுக்கு முன்னாடி கூட்டினீங்களா?"

"கூட்டாம எப்பிடி மெழுகுறது?" அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

சார்ஜன்ட் பஞ்சை ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். பழனியப்பனுக்கு எரிச்சல். வேலை போகிற நேரத்தில் இந்த ஆள் குப்பை பொறுக்குகிறாரே.

"அண்ணே, நீங்க படுத்திருக்குற இந்தத் தலையணை எப்ப உங்க தலைக்கு வந்துச்சு?"

"புதன் ராத்திரி. புதுப் பஞ்சு, வெயில் படட்டும்னு பகல் முழுக்க அவ வெளிய வச்சிருந்தா."

9.50. ஆலையின் புகைக்கூடத்து வாசல்.

ரப்பர் பால் உறைந்து, உருளையில் நசுங்கித் தாளாகி, இங்கேதான் இரவும் பகலும் புகையில் தொங்கும். நான்கு அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. செபாஸ்டியன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். இருபத்தெட்டு வயது. மணிக்கட்டு வரை எண்ணெய்க் கறுப்பு, துடைத்தும் போகவில்லை.

"எடுத்தியா?"

"இல்ல."

"வேலை உனக்குத்தான கெடைக்கும்?"

"கெடைக்கும்."

"அப்ப நேத்து ஏன் வாயத் தொறக்கல?"

"ஒம்பது வருசம் வேல கத்துக் குடுத்தவரு. துப்புனப்புறம் என்ன சொல்லச் சொல்றீங்க?"

"அந்தத் தலையணைங்கள எப்பவாச்சும் தொட்டியா?"

"இந்தக் கைய வச்சுக்கிட்டா? வெள்ளத் துணி. வீரம்மாக்கா கொன்னுரும்."

சின்னையா அடுப்பையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "பன்னெண்டுக்கு முன்னாடி அவரு வீட்டுக்கு வந்துரு" என்று சொல்லிவிட்டு இஞ்சின் அறைக்குள் போனார். ஓடாமல் நின்ற ஒரு தோல் பெல்ட்டைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இந்த வீணாய்ப்போன ஆள் பெல்ட்டில் என்னதான் தேடுகிறார் என்று ஆலைக்காரர்கள் சிரித்தார்கள்.

10.30. ஆபீசில் கிராணி அந்தோணிமுத்து கேள்விக்கு முன்பே பதில் சொன்னார். "செவ்வாக்கெழம நானே கேட்டேன், குடுங்க மச்சான், நான் தொரைகிட்ட சேத்துர்றேன்னு. கேட்டாரா? வீரம்மா தங்கச்சி வேற, அவரே நடந்து போயிக் குடுக்கட்டும்னு சொல்லிருச்சு."

"அந்தம்மாவுக்கு வேற எங்கயாச்சும் போக்கிடம் இருக்கா?"

"ஈப்போல அண்ணன் ராமையா இருக்காரு. ஓய்வாகி வந்தா ஒரு ரூம்பு தர்றேன்னு ரொம்ப நாளாச் சொல்றாரு."

11.10.

பழனியப்பன் வீட்டு வாசலில் லயமே கூடியிருந்தது. செபாஸ்டியன் நிலைப்படிக்கு வெளியே நின்றான். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

சின்னையா ஒன்பது தலையணைகளையும் கட்டிலில் வரிசையாகப் பரப்பினார். பழனியப்பனின் தலையணையை எடுத்தபோது, "அத விடுங்க, அவருக்குத் தல சாய்க்க வேணும்" என்றாள் வீரம்மா. அவர் விடவில்லை.

"அண்ணே, இந்தத் தையல் யாருகிட்டக் கத்துக்கிட்டீங்க? தையக்காரன் தையல் மாதிரி இல்லையே."

பழனியப்பனுக்கு அந்த நேரத்திலும் பெருமை வந்தது. பாவம் மனிதர். "இது பெல்ட்டு தைக்கிற தையல். ரெண்டு முனையயும் சேத்துத் தோல் நாடாவால தைப்போம். வெளிப்பக்கம் குறுக்கும் நெடுக்குமாப் போகும். உருளை மேல படுற உள்பக்கம் மட்டும் நேர்கோடாத்தான் போகணும். உள்ள குறுக்க விட்டா நாடா தேஞ்சு பெல்ட்டு அந்துரும், ஆள் கையே போயிரும். கையி பழகிருச்சு, தலையணைக்கும் அதே தையல்தான் வருது."

"செபாஸ்டியனுக்குத் தெரியுமா?"

"நான்லா கத்துக் குடுத்தேன். தூக்கத்துல தைக்கச் சொன்னாலும் உள்ள நேராத்தான் தைப்பான்."

"வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு?"

"குறுக்குத் தையல் மட்டுந்தான் தெரியும்."

"இப்ப ஒண்ணப் பிரிச்சுக் காட்டுங்க."

வீரம்மாவின் கத்தரிக்கோலால் கல்யாணத் தலையணை ஒன்றின் வாயைப் பாதி வெட்டித் துணியைப் புரட்டினார். உள்ளே தையல் நேர்கோடாக ஓடியது.

"அடுத்தது, நீங்க படுத்திருந்த ஒம்பதாவது. வெட்டுறதுக்கு முன்னாடி துணிய வெளிச்சத்துல பிடிங்க. நூலுக்குப் பக்கத்துல என்ன தெரியுது?"

பழனியப்பன் கண்ணைச் சுருக்கினார். "ஓட்டை. ஊசி போன வெறும் ஓட்டை." அவர் குரல் இறங்கியது. "யாரோ பிரிச்சு மறுபடி தச்சிருக்காங்க."

"புரட்டிப் பாருங்க."

வெட்டினார். புரட்டினார். உள்ளேயும் தையல் குறுக்கும் நெடுக்குமாக இருந்தது. பெல்ட்டைத் தொட்டே அறியாத, பக்கத்தில் உட்கார்ந்து வெளிப்பக்கத்தை மட்டுமே ஆறு வாரம் பார்த்த ஒரு கை தைத்த தையல். பழனியப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சுக்குள் கையை விட அவருக்கு மனம் வரவில்லை. சின்னையாதான் விட்டார். நான்காக மடித்த கடிதம் வெளியே வந்தது. இரண்டு நாளாக அவர் தலைக்கு அடியில்தான் இருந்திருக்கிறது.

"தலையணைய நீங்க தேடல. ஏன்னா செவ்வா மத்தியானமே நீங்க தச்சு மூடிட்டீங்க, அதுக்கப்புறமும் சூராட்டக் கண்ணால பாத்தீங்க. உங்க தையல நீங்க நம்புனீங்க" என்றார் சின்னையா. "ஆனா புதன்கிழமை மெழுகுன ஈரத்துல பஞ்சு ஒட்டியிருக்கு. வீட்டுல பஞ்சுச் சாக்கே கெடையாது. அப்ப ஒரு தலையணை தொறந்திருக்கணும். அன்னிக்குப் பகல்ல உங்க கண்ணுல படாம இருந்தது இது ஒண்ணுதான். செபாஸ்டியனுக்கு உங்க வேல மேல ஆச இருந்திருந்தா அவனச் சுத்தி நாலு அடுப்பு எரியுது. ஒரு நிமிசத்துல சாம்பலாக்கிருப்பான். ஒளிச்சு வச்சவங்களுக்கு இந்தக் காயிதம் தொலையவும் வேணும், அழியவும் கூடாது. பேர நான் சொல்லணுமா அண்ணே, நீங்களே சொல்லிர்றீங்களா?"

"வீரம்மா" என்றார் பழனியப்பன்.

அவள் மறுக்கவில்லை. அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருவத்தாறு வருசம். விடியறதுக்கு முன்னாடி போவீங்க, இருட்டுனப்புறம் வருவீங்க. வந்தாலும் காது இஞ்சின்லதான் இருக்கும். இந்த ஆறு வாரந்தான் எம் புருசன் பகல்ல என்கூட உக்காந்து பேசுனாரு. மறுபடியும் அதுகிட்ட அனுப்பச் சொல்றீங்களா? எரிச்சுரலாம்னுதான் அடுப்புகிட்டக் கொண்டு போனேன். உங்க பேரு எழுதுன காயிதம். உசுரோட இருக்குற புருசன் பேருல எப்பிடித் தீ வைக்கிறது? கை வரல."

"தேடுனியே" என்றார் பழனியப்பன். "நான் அழுதுகிட்டே தவலையக் கவுத்தப்ப, நீயும் கூடவே அரிசிய அள்ளித் தேடுனியே."

அவள் அடுப்படிக்குள் ஒரு அடி பின்வாங்கினாள்.

"அவன நான் திருடன்னு சொல்லித் துப்புறப்ப பக்கத்துல நின்னுட்டுத்தான இருந்த?"

"இன்னிக்குப் பன்னெண்டு தாண்டட்டும், அப்புறமா சொல்லிரலாம்னு இருந்தேன்."

இதற்கு அவள் வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கலாம். பழனியப்பனின் முகம் அந்தச் சொல்லில்தான் செத்தது.

சின்னையா புகார்த் தாளை எடுத்து அவரிடமே நீட்டினார். "வீட்டுக் காயிதம், வீட்டுத் தலையணைக்குள்ளயே இருந்துருக்கு. இதுல எனக்கு வேல இல்லண்ணே. மணி பதினொண்ணரை. நடக்குறதுன்னா இப்பவே நடங்க."

பழனியப்பன் வாசலுக்கு வந்தார். செபாஸ்டியனுக்கு முன்னால் நின்றார். கையெடுத்துக் கும்பிட்டார்.

செபாஸ்டியன் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினான். "கும்புடாதீங்கண்ணே. என் தையல் உள்ள நேராத்தான் இருக்கும்னு இன்னிக்கு ஊரறியச் சொன்னீங்க. நேத்து உங்களுக்கு அது ஞாபகம் வரல, அவ்வளவுதான். பத்துகாஜாவுல ஈயம் தோண்டுற கப்பல்ல ஆள் எடுக்குறாங்களாம். போய்ட்டு வாரேன்." ஆபீஸ் வாசல் வரை அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் விட்டுவிட்டு, அப்படியே செமோர் பாதையில் இறங்கிப் போய்விட்டான்.

துரை கடிதத்தை வாங்கிப் படித்தபோது பன்னிரண்டு ஆக நான்கு நிமிடம் இருந்தது.

மே 1, சனிக்கிழமை. காலை 5.30.

இஞ்சின் சத்தம் லயம் வரை கேட்டது. பழைய சத்தம்தான், பழைய கைதான். ஆனால் அதற்கு முந்தின சாயங்காலமே பழனியப்பன் ஒன்பதாவது தலையணையின் வாயைத் தைத்து மூடி, அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆலைக்குப் போய்விட்டார். இஞ்சின் அறைக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பீப்பாய் வைக்கிற இடத்தில் ஒரு பலகை உண்டு. அதில் படுத்துக்கொண்டார். பகலில் அவர் வேண்டும் என்று நினைத்த வீரம்மாவுக்கு இரவிலும் அவர் இல்லாமல் போனார்.

தினமும் நடுப்பகலில் அவள் தூக்குச் சட்டியில் சோறு கொண்டு போவாள். அவர் வாங்கிச் சாப்பிடுவார். சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது கேட்பார்.

"செபாஸ்டியன்கிட்டேருந்து ஏதாச்சும் சூராட்டு வந்துச்சா?"

"வரல."

வேறு பேச்சு இல்லை. அவள் சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவாள்.