நிலாப் போட்ட மருந்து உறை

2073ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் காலை பதினொரு மணிக்கு, கோயம்புத்தூர் உறவறுப்பு மன்றத்தின் இரண்டாம் அறையில், மருந்தாளுநர் இளவெயினி தன் தந்தை கவின்ராஜுக்கு எதிரே, அவரை அறியாதவள்போல் அமர்ந்திருந்தாள்.

அன்றும் வழக்கம்போல் பல் துலக்கியதும் மணிக்கட்டில் பதித்திருந்த விளக்கைப் பார்த்திருந்தாள். இரத்த உறவினரின் கடனையும் சேர்த்துக் கணக்கிடும் குருதிமதிப்பு மஞ்சளிலேயே நின்றது. அவள் எவரிடமும் கடன்பட்டவள் அல்லள். தந்தையின் விசைத்தறிக்கூடம் நொடித்தபோது அவர் கட்டத் தவறிய தவணைகள், சட்டப்படி அவள் கணக்கிலும் ஏறியிருந்தன. மஞ்சள் நீடித்தால் மாதக் கடைசியில் மருந்துக்கடை உரிமம் போகும். உரிமத்தோடு குடியிருப்பும் போகும். தன் சிறு மகளை அழைத்துக்கொண்டு நகரெல்லைக்கு வெளியே போகவேண்டும்.

தப்ப ஒரே வழி உறவறுப்பு. கவின்ராஜும் அவளும் ஓராண்டு அந்நியராக வாழ்ந்து காட்டவேண்டும்; அந்த ஓராண்டை முடித்துத்தான் அன்று மன்றத்துக்கு வந்திருந்தார்கள். ஒரு வாய்ச் சோறு கூடாது. ஒரு நலம் விசாரிப்பும் கூடாது. ஆயினும் மருந்துக்கடைக்கு வாடிக்கையாளராக வருவதைச் சட்டம் தடுக்கவில்லை. சட்டத்தின் அந்த ஓட்டையைக் கவின்ராஜ் கண்டுபிடித்துக்கொண்டார். வாரந்தோறும் வந்து வரிசையில் நின்று, "பிரஷர் மாத்திரை ஒரு அட்டை குடுங்க மேடம்" என்பார். வாழ்நாளெல்லாம் 'அம்மிணி' என்றழைத்த வாய் ஒருமுறையும் தவறவில்லை. தவறியது இளவெயினியின் கைதான்.

விசாரணை அலுவலர் ரித்திகா சுவரைத் தொட்டாள். கடையின் விழிப்பதிவி எடுத்த மருந்து உறைகளின் படங்கள் அதில் வரிசையாக விரிந்தன.

"வேளைக்கு ஒரு கோடு. எல்லாருக்கும் அப்படித்தான் போட்டுக் குடுக்கறீங்க. இவருக்கு மட்டும் சூரியனும் நிலாவும். ஏம்மா?"

"அவருக்குக் கண்ணு மங்கலுங்க. கோடு போட்டா ஒண்ணா ரெண்டான்னு குழம்பிருவாரு."

"மங்கல்னு உங்களுக்கு யார் சொன்னா? அவர் கடையில சொன்னதாப் பதிவே இல்லையே."

இளவெயினி சுவரில் தெரிந்த நிலாவைப் பார்த்தாள்.

"நிலாவுக்கு மூக்கு, சிரிப்பு வேற. சின்ன வயசுல அவர் மடியில உட்கார்ந்து பழகின படமோ?" என்று கேட்ட ரித்திகா நாற்காலியில் சாய்ந்தாள். "ஓராண்டும் வீண். மறுபடியும் முதல்ல இருந்து தொடங்கணும். அதுக்குள்ள உங்க உரிமம் போயிடும். இவர் மிரட்டி வரைய வச்சிருந்தா மட்டும் கதை வேற. அது உறவு மிரட்டல். தண்டனை இவருக்கு, விடுதலை உங்களுக்கு."

"நான்தானுங்க மிரட்டினேன்" என்றார் கவின்ராஜ் உடனே. "மேடம் மேல தப்பில்லீங்க."

"என்ன சொல்லி மிரட்டினீங்க?"

கிழவர் திணறினார். மிரட்டிப் பழக்கமில்லை.

"கடையக் கொளுத்திப்போடுவேன்னு சொன்னனுங்க."

"தீப்பெட்டி எங்க இருக்குன்னாவது தெரியுமா உங்களுக்கு?" என்று சிரித்துவிட்டு ரித்திகா திரும்பினாள். "உண்மையாம்மா?"

இளவெயினி அந்த ஓராண்டில் முதன்முறையாகத் தந்தையின் முகத்தை நேராகப் பார்த்தாள். அவரோ, அவள் அங்கிருப்பதாக எண்ணிக்கொண்டு, அவளுக்கு இடப்புறம் கிடந்த வெற்று நாற்காலியைப் பார்த்து, 'சரியென்று சொல்' என்பதுபோல் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க."

"முழுசாச் சொல்லுங்க. பதிவுக்கு வேணும்."

"இந்த ஆள் என்னை மிரட்டினாருங்க."

மணிக்கட்டு பச்சையாயிற்று.

"ரொம்ப நன்றிங்க மேடம்" என்றார் கவின்ராஜ், அந்த நாற்காலியிடம்.

நண்பகல் பன்னிரண்டு மணிக்கு முடிவு அறிவிக்கப்பட்டது. உறவு அறுக்கப்பட்டது. இளவெயினியின் உரிமம் புதுப்பிக்கப்பட்டது. கவின்ராஜ் தம் ஆயுள் முடியும்வரை கடன்தீர் இல்லத்தில் வைக்கப்படுவார்; அவர் இறந்தால் அவளுக்குத் தெரிவிக்கப்படமாட்டாது. அவருக்கு வேண்டிய மாத்திரைகளை இல்லமே வழங்கும். உறைகளின்மேல் எதுவும் வரையப்படாது.